இறங்குவதற்கு முன் உட்கார வைத்தவர்கள்

போன மாதம் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து பிரகாஷ் என்ற டைவர் போன் செய்தார். குரலே சரியில்லை.

"அங்கிள், செக்கப்ல எனக்கு பிரஷர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை குடுத்துட்டாங்க. என் டைவிங் அவ்ளோதானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம். "நான் இங்க அழுதுகிட்டு இருக்கேன், நீங்க சிரிக்கிறீங்க லா!"

"தம்பி, யாருகிட்ட கேக்கறீங்க தெரியுமா? பிரஷர் மாத்திரையோட பாதி வாழ்க்கை தண்ணியில கெடந்தவன்கிட்ட. இன்னமும் டாக்டர் சரின்னா மெர்சிங் போயி தீவுல மீன் பாத்துட்டு வரேன்."

"அப்படின்னா எழுதிக் குடுங்க அங்கிள். போன்ல சொன்னா மறந்துருவேன். என்னை மாதிரி இங்க இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. வெளிய சொல்லல."

வெளியே சொல்லவில்லை என்று அவர் சொன்னதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நான் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். டாக்டர் இல்லை. முருகனை நினைத்துக்கொண்டு, என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஜொகூரில், கூலாய் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். நீச்சல் பழகியது தோட்டத்துக் குளத்தில், அப்பாவுக்குத் தெரியாமல். பள்ளிக்கூடம் முடிந்ததும் பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் துரு சுரண்டும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு டைவர்களுக்கு மேலே நின்று கயிறு பிடிக்கும் வேலை. கயிறு பிடித்துப் பிடித்து, கீழே என்னதான் இருக்கிறது என்று ஆசை வந்து, கோர்ஸ் எடுத்து, ஒரு நாள் முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். கீழே ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் நீரிணைத் தண்ணீர் தே தாரிக் நிறம், நுரைக்க ஆற்றிய பால் தேநீர் மாதிரி. கப்பலின் அடிவயிற்றைக் கையால் தடவித்தான் படிக்க வேண்டும். ஓட்டை, விரிசல், ஒட்டியிருக்கும் சிப்பி எல்லாவற்றையும் விரல் சொல்லிவிடும். நான் நல்ல டைவர். இதை அடக்கமில்லாமலே சொல்கிறேன்.

எங்கள் மேற்பார்வையாளர் பாங் ரம்லி. பாங் என்றால் அண்ணன். எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். கடற்படையில் இருந்து வந்தவர், மெலிந்த ஆள். ஒரே ஒரு தடவை தவிர அவர் கத்தி நான் கேட்டதில்லை. யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் எல்லார் முன்னாலும் பேச மாட்டார். தோளில் கை வைத்து, படகின் பின்பக்கம் ஆக்சிஜன் பெட்டி இருக்கும் இடத்துக்கு நடத்திக்கொண்டு போவார். அவர் கை தோளில் விழுந்தாலே ஏதோ தப்பு என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

காலையில் படகு புறப்படும் முன் அவர் செய்வது ஒன்று உண்டு. எங்களை வரிசையாகப் பலகையில் உட்கார வைப்பார். "டுடோக் டியாம்" என்பார். சும்மா உட்காருங்கள். காப்பி கிடையாது, சிகரெட் கிடையாது, பேச்சு கிடையாது. கால் மேல் கால் போடக்கூடாது, முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். மூச்சு அடங்கிய பிறகுதான் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுவார். சட்டைக் கைக்கு மேலே சுற்றினால் தப்பாகக் காட்டும் என்று ஒவ்வொரு நாளும் சட்டையை அவரே மடித்துவிடுவார். அதிகமாகக் காட்டினால் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார். மறுபடி உட்கார வைத்து மறுபடி பார்ப்பார். கடைசியாக ஒரு கேள்வி: "உபாட் சுடா மாக்கான்?" மருந்து சாப்பிட்டாச்சா? மாத்திரையே போடாதவனிடமும் இதைக் கேட்பார்.

இளவட்டங்கள் முணுமுணுப்போம். என் கூட்டாளி செல்வம்தான் அதிகம் கிண்டல் செய்வான். நானும் அவனும் ஒன்றாகக் கோர்ஸ் எடுத்தவர்கள், மச்சான் மச்சான் என்றுதான் பேச்சு. "மச்சான், பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்கார வச்சிருக்காரு பாரு. இன்னும் கேசரிதான் வரல" என்று என் காதில் சொல்வான். நான் சிரித்தால் என் பிரஷர் ஏறும், ரம்லி என்னை மறுபடி உட்கார வைப்பார். இதற்காகவே அவன் சொல்வான்.

ஒரு நாள் யாரும் சிரிக்க வைக்காமலே எனக்கு ஏறியது. மறுபடி பார்த்தார். அப்போதும் அப்படியே. மறுநாளும் அப்படியே. அவர் கை என் தோளில் விழுந்தது.

ஆக்சிஜன் பெட்டியின் பக்கத்தில் அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மணியம், இன்னைக்கு நீ கயிறு பிடி. நாளைக்கு டாக்டரைப் பார். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் உன் கால் நனையக்கூடாது."

"பாங், எனக்கு ஒண்ணும் பண்ணல. நல்லாத்தான் இருக்கேன்."

"அதான் பயமா இருக்கு" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் சாமி அறையில் உட்கார்ந்து அழுதேன். மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். டைவர் வேலை போனால் மறுபடி துரு சுரண்டப் போக வேண்டியதுதான். என் மனைவி லெட்சுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "முருகன் ஒரு கதவ மூடினா அங்க நின்னு தட்டிக்கிட்டு இருக்காதீங்க. மொதல்ல டாக்டருகிட்ட போங்க" என்றாள்.

போனேன். ஜொகூர் பாருவில் டைவர்களைப் பார்த்துப் பழகிய ஒரு டாக்டரம்மா. நம் ஆள்தான். பிரஷர் இருக்கிறவன் எல்லாம் டைவிங்கை விட வேண்டியதில்லை, அடங்காத பிரஷரோடு இறங்குவதும் தெரியாத மாத்திரையோடு இறங்குவதும்தான் ஆபத்து என்றார்.

"ஒரு வகை மாத்திரை இருதயத்த மெதுவா ஓட வைக்கும். நாற்காலியில உக்காந்து வேல செய்றவருக்குப் பரவால்ல. நீங்க நீரோட்டத்த எதிர்த்து நீந்தறப்போ இருதயம் வேகமா ஓடணும், அது ஓட விடாது. கார்ல எண்ணெ பெடல அமுக்க விடாம யாரோ கால புடிச்சிக்கிட்ட மாதிரி. இன்னொரு வகை, உடம்புத் தண்ணிய ஒண்ணுக்கா எறக்கிடும். நம்ம ஊரு வெயில்ல ரப்பர் சட்டையும் போட்டா வறண்டு போயிருவீங்க. அதனால உங்களுக்கு எது ஒத்துக்கும்னு பாத்துத்தான் குடுக்கணும். அவசரப்படக்கூடாது."

முதலில் கொடுத்த மாத்திரை பிரஷரை இறக்கியது, ஆனால் வறட்டு இருமல் கொடுத்தது. மேலே இருக்கிறவனுக்கு இருமல் என்றால் இருமல், அவ்வளவுதான். வாயில் காற்று தரும் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு கப்பலின் அடியில் இருக்கிறவனுக்கு அது வேறு விஷயம். போய்ச் சொன்னேன். மாற்றிக் கொடுத்தார். அது ஒத்துக்கொண்டது. ஆனாலும் உடனே விடவில்லை. உடம்பு பழக வேண்டும், திடீரென்று எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று வாரக்கணக்கில் கரையிலேயே வைத்தார். நெஞ்சில் ஒயரை ஒட்டி ஓடும் இயந்திரத்தில் ஓடவிட்டார். என் மாத்திரையின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எனக்கு ஒத்துக்கொண்டது பிரகாஷுக்கு ஒத்துக்கொள்ளும் என்று முருகன் மேல் சத்தியமாக எனக்குத் தெரியாது.

வீட்டில் ஊறுகாய் போனது, கருவாடு போனது, அப்பளம் போனது. நான் ஒரு நாள் ரசத்தில் உப்பே இல்லை என்றதற்கு லெட்சுமி, "நாள் பூரா கடல்ல கெடந்துட்டு வரீங்க, அந்த உப்பு பத்தலையா?" என்றாள். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மா சரி என்று சொன்ன மறுநாள் காலையில் ரம்லி என் சட்டையை மடித்து, பட்டையைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "உபாட் சுடா மாக்கான்?" என்றார். "சுடா, பாங்" என்றேன். "போ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் தேங்காய் உடைத்தேன்.

அதன் பிறகு மாத்திரையோடு எத்தனையோ கப்பல். தலை வலித்தாலோ சரியாகத் தூங்காவிட்டாலோ நானே போய்ச் சொல்லிவிடுவேன், கயிறு பிடிப்பேன். டாக்டரம்மா மாத்திரை அளவை மாற்றினால் திரும்பச் சரி சொல்லும்வரை இறங்க மாட்டேன். என் காற்று தீர்வதற்குள் வேலையை முடிக்கவேண்டும் என்று அவசரப்பட மாட்டேன். மற்றவர்கள் கிழவன் என்றார்கள். கிழவன் தினமும் வீட்டுக்கு வந்தான்.

இனி செல்வத்தின் கதை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது மச்சான், ஆனா என்னைய கொஞ்சம் அழகா எழுது" என்றான்.

சில வருடங்கள் கழித்து அவனுக்கும் பிரஷர் வந்தது. அதே டாக்டரம்மா. அவனுக்குக் கொடுத்தது காலை ஒன்று, மாலை ஒன்று, சாப்பிட்ட பிறகு போடும் மாத்திரை. ஒழுங்காகப் போட்டான், ஒழுங்காக இறங்கினான். அப்போதுதான் நோயில் கிடந்த அவன் மகளுக்கு உடம்பு சுகமானது; அதற்காக வேண்டிக்கொண்டபடி தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க முடிவு செய்தான். விரதம் ஆரம்பித்தான். ஒரு பொழுதுதான் சாப்பாடு, அதுவும் மாலையில், விளக்கேற்றிய பிறகு. தரையில் படுக்கை. எங்களோடு பசியாற வர மாட்டான். வேலைக்கு மட்டும் ஒரு நாளும் லீவு போடவில்லை. வேலையும் விரதத்தில் சேர்த்தி என்று சொல்வான்.

நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்றை அவன் செய்தான். சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை. காலையில் சாப்பாடு இல்லை. ஆகவே காலை மாத்திரையையும் எடுத்து வைத்து, மாலையில் சாப்பிட்டதும் இரண்டையும் சேர்த்துப் போட்டான். ஒன்றும் விடவில்லை, கணக்கு சரியாக இருக்கிறது என்று நினைத்தான். சாமிக்கும் சரி, டாக்டருக்கும் சரி. வீட்டில் கூடச் சொல்லவில்லை.

அன்று காலை ரம்லி பட்டையைச் சுற்றியபோது அவனுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மறுபடி உட்கார வைத்தார். மறுபடி பார்த்தார். அவருடைய எல்லைக்குள் வந்துவிட்டது. "உபாட் சுடா மாக்கான்?"

"சுடா, பாங்" என்றான். அது பொய்யில்லை. போட்டிருந்தான். நேற்று மாலையில்.

அன்று எங்களுக்கு வேலை, கப்பலின் அடியில் கடல் தண்ணீர் உள்ளே இழுக்கும் கம்பி வலையைத் தடவிப் பார்த்து, சிப்பியைச் சுரண்டிவிட்டு வருவது. ஆழம் அதிகமில்லை. இரண்டு பேரையும் ஒரு சின்னக் கயிறு சேர்த்திருந்தது. செல்வம் புது ரப்பர் சட்டை போட்டிருந்தான். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவன் மச்சினன் வாங்கித் தந்தது. விரதத்தில் மெலிந்தும்கூட அது அவனுக்கு நெஞ்சில் இறுக்கம். பாதி வேலையில் நீரோட்டம் திரும்பியது. அவன் வேகமாகச் சுரண்டும் சத்தம் கப்பல் தகட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

கயிற்றை இழுத்துக் கேட்டேன். பதில் இல்லை. கையை நீட்டித் தேடினேன். அவன் நெஞ்சு கையில் பட்டது. ஓடி வந்த நாயின் வயிறு போல ஏறி இறங்கியது. விளக்கை அவன் முகத்தருகில் கொண்டுபோனேன். கண் பெரிதாகத் திறந்திருந்தது, காற்றுக் குமிழ் விடாமல் வந்துகொண்டே இருந்தது. காற்று இருக்கிறது, ஆனாலும் மூச்சு பத்தவில்லை. அவன் டேங்க் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் ஏற்றிக்கொண்டு போனேன். அவன் மேலே பாய்ந்துவிடாமல் பிடித்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வேலவா, வேலவா என்று ரெகுலேட்டருக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேலே வந்ததும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு இருமினான். வெயிலில் பார்த்தேன். உதட்டில் நுரை. ரோஸ் நிறம்.

படகில் கயிறு பிடித்தவர் ஆ செங். நல்ல மனிதர். பதறிப்போய் அவனை இழுத்துப் பலகையில் படுக்க வைக்கப் போனார். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல்.

"ஜாஙான்!" என்றார் ரம்லி. வேண்டாம். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "டுடோக்! உட்கார வை! தண்ணி குடுக்காதே!"

உட்கார வைத்தோம். காலைத் தொங்கவிட்டு, முதுகை ரம்லியின் நெஞ்சில் சாய்த்து நிமிர்த்தி. ரம்லி கத்தியை எடுத்து அந்தப் புது ரப்பர் சட்டையைக் கழுத்திலிருந்து கீழே ஒரே கிழி கிழித்தார். ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து முகமூடியை வைத்துப் பிடித்தார். படகு திரும்பியது. போகும் வழியெல்லாம் அவன் காதில், "மெதுவா, செல்வம். சும்மா உட்காரு. வேற ஒண்ணும் செய்யாதே. சும்மா உட்காரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தினமும் காலையில் எங்களை எரிச்சலூட்டிய அதே வார்த்தை.

நடுவழியில் செல்வம் முகமூடியை விலக்கி என்னிடம், "மச்சான், நெஞ்சுக்குள்ள சோறு கொதிக்கற மாதிரி சத்தம் கேக்குது" என்றான். கொஞ்சம் கழித்து, "சட்டைய கிழிச்சிட்டாரே. மச்சினன் திட்டுவான்" என்றான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் கட்டியிருக்கிறது என்றார்கள். கடல் தண்ணீர் இல்லை, அவன் உடம்புத் தண்ணீரே. தண்ணீருக்குள் போனால் கை கால் ரத்தமெல்லாம் நெஞ்சுக்கு ஓடிவரும். பிரஷர் ஏறியிருக்க, சட்டை இறுக்க, நீரோட்டத்தில் உடம்பு பாடுபட, நுரையீரலுக்குள் கசிந்துவிட்டது. எதனால் என்று ஒன்றை மட்டும் காட்ட முடியாது, எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. பிழைத்தான். சில நாளில் எழுந்து நடந்தான். ஆனால் ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரலாம், இனி டைவிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செல்வம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாத்திரை விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. ஆஸ்பத்திரி நடையில் ரம்லியும் அதைக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "ரமடான் மாசம் வந்தா எங்க ஆளுங்கள முன்னாடியே டாக்டர்கிட்ட அனுப்பறேன். சாஹுர் விடியற்காலைச் சாப்பாட்டுக்கு எந்த மாத்திரை, நோன்பு துறந்து எந்த மாத்திரைன்னு மாத்தி வாங்கிட்டு வரச் சொல்றேன். கஷ்டமான வேலை குடுக்கறதில்லை. எங்க நோன்ப கேட்டேன். உங்க நோன்ப கேக்கல."

மறுவாரத்திலிருந்து பலகையில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் கேள்வி நீண்டது. மருந்து சாப்பிட்டாச்சா? எப்போது? நோன்பா? இந்து, முஸ்லிம், சீனர் என்று பார்க்காமல் எல்லாரிடமும். "நான் மாசத்துல ரெண்டு நாள் சைவம் மட்டும்தான் பாஸ்" என்று ஆ செங் சொன்னதற்கு, "அதுவும் சொல்லு" என்றார்.

எனக்கும் ஒரு கவலை இருந்தது. நானும் சஷ்டி விரதம் இருக்கிறவன். மாத்திரை போட்டால் விரதம் கெடுமா என்று எங்கள் கோயில் குருக்களிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையை எடுத்துத் திறந்தார். உள்ளே மாத்திரை அட்டை.

"நானே போட்டுட்டுத்தான் அபிஷேகம் பண்றேன். சாமிக்கு உங்க பக்தி வேணும், உங்க பிரஷர் எதுக்கு? எப்ப போடணும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, டாக்டருகிட்ட கேளுங்க."

அடுத்த வருடம் தைப்பூசத்துக்கு முன்பே செல்வமும் நானும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் விரதத்துக்கு ஏற்ற மாதிரி நேரத்தையும் மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார். செல்வம் காவடி எடுத்தான். பால்குடத்தோடு பின்னால் போனவர்களில் நானும் ஒருவன். கூட்டத்துக்கு வெளியே மர நிழலில், கையில் தண்ணீர்ப் போத்தலோடு ரம்லி நின்றிருந்தார்.

கம்பெனி செல்வத்தைக் கயிறு பிடிக்க வைத்தது. முதல் வருடம் அவன் யாரோடும் அதிகம் பேசவில்லை. நாங்கள் நனைந்து ஏறி வரும்போது காலில் மாட்டும் எங்கள் ஃபின்களை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிறகு மெதுவாக, ரம்லியின் பக்கத்தில் நின்று பட்டையைச் சுற்றக் கற்றான். பரீட்சை எழுதினான். ரம்லி ஓய்வு பெற்றுத் தன் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் போனபோது அந்த இடத்தில் செல்வம் நின்றான். மேற்பார்வையாளர் செல்வம். கேசரி கேட்டவன் இப்போது எல்லாரையும் உட்கார வைத்தான்.

என் கடைசி வேலை நாள் வந்தது. கடைசியாக ஒரு தடவை இறங்கிவிட்டு ஏற வேண்டும் என்று ஆசை. கம்பெனியும் சரி என்றது. லெட்சுமியும் மகளும் படகு கட்டும் ஜெட்டிக்கு வந்திருந்தார்கள். மகள் கையில் மாலை, லெட்சுமி கையில் உண்மையாகவே கேசரி. நான் ரப்பர் சட்டையை இடுப்பு வரை ஏற்றிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன்.

செல்வம் என் கையைப் பெட்டியின் மேல் வைத்தான். பட்டையைச் சுற்றினான். பார்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சும்மா உக்காரு மச்சான்."

உட்கார்ந்தேன். கண்ணை மூடி கந்தனை நினைத்தேன். மறுபடி பார்த்தான். அவன் கை என் தோளில் விழுந்தது.

ஆக்சிஜன் பெட்டியின் பக்கத்தில் நின்றோம். "இன்னைக்கு வேணாம்" என்றான்.

"டேய், கடைசி நாள்டா. மாத்திரை போட்டேன். காலையில, நேரத்துக்கு. விரதம் இல்ல. தூங்கினேன்."

"தெரியும். சந்தோசத்துல ஏறியிருக்கு. எதுனால ஏறினாலும் ஏறினதுதானே?"

"பொண்டாட்டி புள்ளைங்க பாக்க வந்திருக்காங்கடா."

"அதான் சொல்றேன். அவங்க பாக்கறப்போ நான் உன்னைய தூக்கி உக்கார வைக்கணுமா?" அவன் கண் நிறைந்திருந்தது. ஆனால் தோளில் இருந்த கை அசையவில்லை. "திட்டணும்னா திட்டிக்கோ. எறக்க மாட்டேன்."

ஜெட்டியில் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைவராக என் வாழ்க்கையில் எத்தனையோ கப்பல் பார்த்தேன், எத்தனையோ பேர் கை தட்டினார்கள். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பெருமை எதிலும் வந்ததில்லை. நண்பன் என்று பார்க்கவில்லை, கடைசி நாள் என்று பார்க்கவில்லை. இப்படி ஒருவன் மேலே நிற்கிறான் என்றால் கீழே போகிற எவன் வீட்டிலும் பயமில்லாமல் விளக்கேற்றலாம். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகு காய்ந்த சட்டையோடு போய் மாலையை வாங்கிக்கொண்டேன். முதல் கேசரியை அவனுக்குத்தான் ஊட்டினேன்.

பிரகாஷ் தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். முடிந்துவிடவில்லை. அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் செல்வத்திடம் சொல்லுங்கள். அவர் உட்கார வைத்தால் உட்காருங்கள்.

ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்கு வந்ததும் என் ரப்பர் சட்டையை வாங்கி, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, கொடியில் போடுவது லெட்சுமிதான். அன்று மாலையும் பழக்கத்தில் கையை நீட்டி வாங்கினாள். தடவிப் பார்த்தாள். சட்டை காய்ந்திருந்தது.

"இன்னைக்கு அலச ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"செல்வம் விடலயே" என்றேன்.

சட்டையை அப்படியே மடித்தாள். சாமி அறைக்குக் கொண்டுபோய், முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு விளக்கேற்றினாள். பிறகு, "மாத்திரை நேரம் ஆச்சு" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.